வக்பு உறுதியின் இரு பிரதிகள்: எது செல்லும்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், தூரத்து உறவினரான இளைஞர் ஒருவர் பழைய தகரப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதனுள்ளே அவருடைய பாட்டனாரின் காணி உறுதிகள் இருந்தன. அவற்றுள் இரண்டை அவர் தனியே எடுத்து என் முன் வைத்தார். முதலாவது 1938ஆம் ஆண்டினது. கடைகள் இரண்டும் தென்னந்தோட்டம் ஒன்றும் வக்பு செய்யப்படுவதாகவும், வருமானத்தில் ஒரு பங்கு ஊர் மத்ரஸாவுக்கும் எஞ்சியது தம் ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும், சந்ததி அற்றுப்போகுமாயின் ஏழைகளுக்கும் சேர வேண்டும் எனவும் அதில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது 1949ஆம் ஆண்டினது. அதே காணி, அதே கையொப்பம். ஆனால் பெண் மக்களின் பெயர்கள் அதில் இல்லை. பரிபாலனமும் மூத்த மகனிடமிருந்து இளைய மகனுக்கு மாற்றப்பட்டிருந்தது.

“மாமா, இவற்றில் எது செல்லும்?” என்று அவர் கேட்டார். அவர் அந்த இளைய மகனின் பேரர்.

நான் சட்டத்தரணி அல்லன், வரலாறு படிப்பவன். எனவே நீதிமன்றத்தில் எது நிற்கும் என்பதைச் சட்டம் தெரிந்தவரிடமே கேட்கச் சொன்னேன். ஆயினும் அவர் சென்ற பின்னரும் கேள்வி என்னை விட்டுச் செல்லவில்லை. ஒருவர் உயிரோடிருக்கும்போதே தம் சொத்தைப் பிறர் நலனுக்காகக் கட்டிவைத்து, பின்னர் அதன் வாசகத்தை மாற்றி எழுதினால் எந்த வாசகம் செல்லும் என்பது வக்பின் வரலாற்றோடு வரலாறாக வளர்ந்து வந்த கேள்வியாகும். அதன் முதல் சுவடுகளை இஸ்லாத்தின் முதல் தலைமுறையிலேயே காண்கிறோம்.

பொதுவாக நம்மவர் மனதில் ஓர் எண்ணம் ஊறிப்போயுள்ளது. ஒருவர் பல பத்திரங்களை எழுதியிருப்பின் கடைசியாக எழுதியதே செல்லும் என்பதுதான் அது. மரணசாசனத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. வஸிய்யத் என்பது எழுதியவரின் மரணத்தின் பின்னரே உயிர்பெறுகிறது. அதுவரை அதை மாற்றவும் கிழித்தெறியவும் அவருக்கு உரிமை உண்டு. வக்போ எழுதியவரின் வாழ்நாளிலேயே உயிர்பெறுகிறது. உயிர்பெற்ற கணத்திலேயே சொத்து அவரது கையை விட்டு நீங்கிவிடுகிறது என்பது பெரும்பாலான பிக்ஹ் அறிஞர்களின் நிலைப்பாடு. தம்முடையதல்லாத ஒன்றைப் பற்றி ஒருவர் இரண்டாவது உறுதி எழுத இயலாது. ஆகவே மரணசாசனத்தில் பிந்தியது முந்தியதை வெல்ல, வக்பில் முந்தியது பிந்தியதை வெல்கிறது. இதுவே அடிப்படை. ஆனால் இந்த அடிப்படை எட்டப்படுவதற்கு முன்னரும், எட்டப்பட்ட பின்னர் அதில் விடப்பட்ட வாயில்களைப் பற்றியும் நிகழ்ந்த விவாதங்களே சுவையானவை.

உமர் (ரழி) அவர்களின் வக்பிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) கைபர் வெற்றிகொள்ளப்பட்ட பின்னர், அங்கு தமக்குக் கிடைத்த நிலம் பற்றி உமர் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தைத் தடுத்து வைத்து விளைவைத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். விற்கவோ அன்பளிப்புச் செய்யவோ வாரிசுரிமையாகப் பெறவோ முடியாத சொத்தாக அது ஆக்கப்பட்டது. வறியோர், உறவினர், அடிமை விடுதலை, இறைபாதை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்காக அதன் விளைவு ஒதுக்கப்பட்டது. பரிபாலிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம், நண்பருக்கும் உண்ணக் கொடுக்கலாம். ஆனால் அதைக் கொண்டு தமக்குச் செல்வம் சேர்க்கலாகாது. இதனை இப்னு உமர் (ரழி) அவர்களிடமிருந்து நாபிஉம், அவரிடமிருந்து இப்னு அவ்னும் அறிவிக்கின்றனர். புகாரி, முஸ்லிம் முதலிய கிரந்தங்கள் அனைத்திலும் இது இடம்பெற்றுள்ளது.

இங்கே கடைசி நிபந்தனையின் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிய தகராறு ஒன்று எழுந்தது. பரிபாலகர் செல்வம் சேர்க்கலாகாது என்பதற்கு நாபிஇன் அறிவிப்பில் ‘முதமவ்வில்’ என்ற சொல் வருகிறது. இப்னு அவ்ன் இதனை இப்னு ஸீரீனிடம் எடுத்துரைத்தபோது, அவர் அச்சொல்லைத் திருத்தி ‘முதஅத்தில்’ என்றார். இரண்டின் கருத்தும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் பின்னைய சொல்லில், தமக்கென ஒரு மூலதனத்தை வேரூன்றச் செய்தல் என்னும் சாயல் கூடுதலாக உண்டு. இப்னு அவ்ன் அதோடு நின்றுவிடவில்லை. அந்த உறுதியையே நேரில் வாசித்த ஒருவர் தமக்கு அறிவித்ததாகவும், அதில் இரண்டாவது சொல்லே இருந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். அது சிவந்த தோல் துண்டொன்றில் எழுதப்பட்டிருந்தது என்ற விபரத்தை திர்மிதியின் அறிவிப்பு தருகிறது. இஸ்மாஈல் இப்னு உலையாவும் உமரின் குடும்ப வழித்தோன்றல் ஒருவரிடம் அதனை வாசித்து, அதே சொல்லைக் கண்டதாகச் சொல்கிறார்.

ஹதீஸ் கலையில் மனனத்துக்கு அளிக்கப்பட்ட மதிப்பை நாம் அறிவோம். இங்கோ மனனத்தில் வந்த வாசகம், மூல ஆவணத்தோடு ஒப்புநோக்கித் திருத்தப்படுகிறது. ஏனெனில் இது ஒரு செய்தி மாத்திரமன்று, செயலில் இருந்த ஒரு சொத்துறுதி. பரிபாலகர் எவ்வளவு உண்ணலாம் என்பதை அதிலுள்ள சொல்லே தீர்மானித்தது. அந்தத் தோல் துண்டைத் தேடிச் சென்ற அக்கால மாணவர்களின் நுணுக்கம், தகரப் பெட்டியில் கிடந்த தாள்களைப் புரட்டியபோது என் நினைவுக்கு வந்தது.

இனி அபூதாவூதில் உள்ள அறிவிப்பைப் பார்ப்போம். உமர் (ரழி) அவர்களின் கொள்ளுப்பேரர் அப்துல் ஹமீத் என்பவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸஈத் பிரதி செய்துகொண்ட வாசகங்கள் இரண்டு அங்கே தரப்படுகின்றன. ஒன்று ‘தம்ஃக்’ எனும் தோட்டத்தைப் பற்றியது. மற்றையதில் உமர் (ரழி) அவர்கள் அமீருல் முஃமினீன் என்ற பட்டத்தோடு காட்சி தருகிறார்கள். முஐகிப் (ரழி) எழுத, அப்துல்லாஹ் இப்னுல் அர்கம் (ரழி) சாட்சியாக நிற்கிறார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் தம்ஃக் தோட்டத்தையும் கைபரின் நூறு பங்குகளையும் பிற சொத்துகளையும் மகள் ஹப்ஸா (ரழி) அவர்கள் உயிரோடுள்ளவரை பரிபாலிக்க வேண்டும், அதன் பின் அவர்தம் குடும்பத்தில் சிந்தனைத் தெளிவுள்ளோர் பரிபாலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை அங்கும் உறுதிப்படுத்தப்படுகிறது.

ஆக, ஒரே வக்புக்கு இரு காலத்து வாசகங்கள் இருக்கின்றன. ஒன்று நபியவர்களின் முன்னிலையில் வாய்மொழியாக நிகழ்ந்தது. மற்றையது குறைந்தது ஆறு ஆண்டுகளேனும் கழிந்து, ஹிஜ்ரி 13இல் தொடங்கிய அவர்களது கிலாபத் காலத்தில் எழுதப்பட்டது. பட்டத்தையும் எழுத்தரையும் சான்றாகக் கொண்டு இப்னு ஹஜர் அஸ்கலானி இந்த முடிவுக்கு வருகிறார். பின்னையது முன்னையதை மாற்றியதா? கூர்ந்து நோக்கினால் மூலச் சொத்து மாறவில்லை. விற்க முடியாமை மாறவில்லை. பயன்பெறுவோர் வட்டமும் விலகிச் செல்லவில்லை. புதிதாக வந்தது பரிபாலகர் நியமனம் ஒன்றுதான். வக்பின் உடலும் அதன் நிர்வாகமும் வெவ்வேறு என்னும் பிற்காலப் பாகுபாட்டின் விதை இங்கே உள்ளது என்று நான் கருதுகிறேன். தம் ஆண் மக்கள் இருக்க, மகளையே உமர் (ரழி) அவர்கள் முதற் பரிபாலகராக நியமித்தார்கள் என்பதையும் கவனியாது செல்ல மனம் வரவில்லை.

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு, பலர் அறிந்திராத ஒன்று. வக்பு என்பது இரவல் கொடுப்பதைப் போன்றது. பொருள் உரியவரின் உடைமையிலேயே இருக்கிறது. விரும்பினால் அவர் மீளப் பெறலாம். நீதிபதி தீர்ப்பளித்தாலோ, மரணத்தோடு இணைத்து வஸிய்யத்தாக ஆக்கப்பட்டாலோ மட்டுமே அது மாறாததாகும் என்பது அவர் கருத்து. பள்ளிவாசல் இதற்கு விதிவிலக்கு. உமர் (ரழி) அவர்களே, தம் தர்மத்தைப் பற்றி நபியவர்களிடம் கூறியிராவிட்டால் அதை மீளப் பெற்றிருப்பேன் எனச் சொன்னதாக ஸுஹ்ரி வழியாக வரும் ஓர் அறிவிப்பை, இமாம் தஹாவி இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டுகிறார். ஆனால் ஸுஹ்ரி உமர் (ரழி) அவர்களைச் சந்தித்தவர் அல்லர் என்பதால் அதன் தொடர் அறுந்தது என இப்னு ஹஜர் மறுக்கிறார்.

இமாம் அபூ யூஸுப் (ரஹ்) தொடக்கத்தில் தம் ஆசிரியரின் கருத்திலேயே இருந்தார். உமர் (ரழி) அவர்களின் வக்பு பற்றிய அறிவிப்பு இப்னு உலையா மூலம் அவரை எட்டியபோது அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இது அபூ ஹனீபாவை எட்டியிருந்தால் அவரும் இதனையே கூறியிருப்பார் என அவர் சொன்னதாக வரலாறு உண்டு. அந்தச் சிவந்த தோலின் வாசகத்தைக் கண்ட அதே இப்னு உலையாதான் இவர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. அபூ யூஸுபின் கருத்தின்படி வாயால் மொழிந்த உடனேயே வக்பு நிறைவேறிவிடுகிறது. இமாம் முஹம்மத் அஷ்ஷைபானியோ, சொத்து முதவல்லியிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே அது நிறைவேறும் என்றார். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இரு உறுதிகளுக்கிடையே தீர்ப்பளிக்க வேண்டிய நீதிபதிக்கு, முதல் உறுதி எப்போது உயிர்பெற்றது என்பதே உயிர்நாடி. எழுதிவைத்துப் பெட்டியில் பூட்டப்பட்ட உறுதி முஹம்மதின் கருத்தில் இன்னும் வக்பு ஆகவில்லை. அபூ யூஸுபின் கருத்தில் அது ஏற்கனவே வக்பு ஆகிவிட்டது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் இது ஓயவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் நெடுங்காலம் முஹம்மதின் கருத்தைப் பின்பற்றி, 1947இல் தன் முழு அமர்வின் மூலமே அபூ யூஸுபின் கருத்துக்கு வந்து சேர்ந்தது.

இமாம்களின் இந்தக் கருத்து வேறுபாட்டை உஸ்மானிய காழிகள் கையாண்ட விதம் வியப்புக்குரியது. வக்பு செய்பவர் தம் சொத்தை முதவல்லி ஒருவரிடம் ஒப்படைப்பார். பின்னர் இருவரும் காழியின் முன் தோன்றுவர். தாம் மனம் மாறிவிட்டதாகவும், அபூ ஹனீபாவின் கருத்தின்படி சொத்தைத் திருப்பித் தர வேண்டும் எனவும் வக்பு செய்தவர் வழக்குரைப்பார். முதவல்லி, அபூ யூஸுப், முஹம்மத் ஆகியோரின் கருத்தைக் காட்டித் தர மறுப்பார். காழி இரு தரப்பையும் கேட்டு, வக்பு செல்லும், அது மாற்றமுடியாதது எனத் தீர்ப்பளிப்பார். வழக்காளி தோற்கவே வந்தவர் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். கருத்து வேறுபாடுள்ள விடயத்தில் காழியின் தீர்ப்பு வேறுபாட்டை நீக்கிவிடும் என்பது விதி. ஆகவே எதிர்காலத்தில் எவரும், வக்பு செய்தவரே கூட, அபூ ஹனீபாவின் பெயரைச் சொல்லிச் சொத்தை மீட்க இயலாமற் போயிற்று. இந்தப் பாவனை வழக்கின் விபரம் முழுதும் உறுதியின் இறுதிப் பகுதியில் எழுதப்பட்டு, மாற்ற முனைவோர் மீதான சாபத்தோடும் சாட்சிகளின் பெயர்களோடும் முடிவுறும். இன்று நாம் வாசிக்கும் உஸ்மானிய வக்பு உறுதிகள் பலவற்றில் இதனைக் காணலாம். சிலர் இதனை வெறும் சடங்கு என எள்ளி நகையாடுவர். எனக்கோ அது, எந்தப் பிரதி இறுதியானது என்ற கேள்வியை அது எழுமுன்பே தீர்த்துவைத்த ஒரு நுண்ணறிவாகவே தோன்றுகிறது.

அப்படியாயின் மாற்றம் என்பதே இல்லையா? உண்டு. ஆனால் அதற்கான வாயில் முதல் உறுதியிலேயே வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஹிஜ்ரி 261இல் மரணித்த கஸ்ஸாப் தமது வக்பு பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்கிறார். பயன்பெறுவோரைச் சேர்க்கவும் நீக்கவும், பங்கைக் கூட்டவும் குறைக்கவும், நிலத்தை வேறு நிலமாக மாற்றவும் தமக்கு உரிமை உண்டென வக்பு செய்பவர் அப்போதே நிபந்தனையிட்டிருந்தால், ஹனபி மத்ஹபில் அது செல்லும். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. விரும்பும்போதெல்லாம் என்று சொல்லியிராவிட்டால் அவ்வுரிமையை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். ஒருமுறை மாற்றியதோடு உரிமை தீர்ந்துவிடும். பிற்காலத்தில் எகிப்தில் இவை ‘பத்து நிபந்தனைகள்’ என்ற பெயரில் ஒரு கட்டாகவே உறுதிகளில் எழுதப்பட்டன. நிபந்தனை எதுவுமின்றி எழுதிவிட்டுப் பின்னர் வருந்தியவருக்கு வழியில்லை. இந்த நிலையை எகிப்து 1946ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் தலைகீழாக்கியது. அச்சட்டம், பள்ளிவாசலைத் தவிர்ந்த வக்புகளை, செய்தவர் தம் வாழ்நாளில் மீளப் பெறவும் மாற்றவும் அனுமதித்தது. ஆறு ஆண்டுகளின் பின் அந்நாட்டில் குடும்ப வக்பே ஒழிக்கப்பட்டது.

ஒரே உறுதிக்குள் இரு வாசகங்கள் முரண்பட்டால் என்ன செய்வது? தொடக்கத்தில் விற்கலாகாது என்றும் இறுதியில் விற்று வேறு நிலம் வாங்கலாம் என்றும் எழுதப்பட்டிருந்தால், பிந்திய வாசகமே செல்லும் என்கிறார் கஸ்ஸாப். வரிசை மாறியிருந்தால் தீர்ப்பும் மாறும். ஓர் உறுதிக்குள் பிந்தியது முந்தியதை நீக்குகிறது. இரு உறுதிகளுக்கிடையே முந்தியது பிந்தியதைத் தடுக்கிறது. முரண் போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. உறுதி முடிவுறும் வரை பேசுபவர் உரிமையாளர். முடிவுற்ற பின் அவர் உரிமையாளர் அல்லர்.

பிரதிகளின் நம்பகத்தன்மை பற்றியும் பிக்ஹ் அறிஞர்கள் எச்சரிக்கையாகவே இருந்தனர். கையெழுத்துக் கையெழுத்தை ஒத்திருக்கும், போலியும் செய்யப்படும். எனவே வெறும் தாளை அவர்கள் நம்பவில்லை. சாட்சிகள் இறந்துபோன பழைய வக்புகளில் காழிகளின் பதிவேடுகளில் உள்ளதைப் பின்பற்ற வேண்டும். அதுவும் இல்லையெனில் முன்னைய முதவல்லிகள் வருமானத்தை எவ்வாறு பங்கிட்டு வந்தனர் என்பதைப் பார்க்க வேண்டும். உஸ்மானியரின் ‘மஜல்லா’ இதனையே 1739ஆம் உறுப்புரையில் சட்டமாக்கியது. வக்பு உறுதியை மட்டும் கொண்டு செயற்படலாகாது, நம்பகமான நீதிமன்றப் பதிவேட்டில் அது பதியப்பட்டிருந்தால் செயற்படலாம் என்பது அதன் கருத்து.

நம் கரையோர முஸ்லிம்களின் மத்ஹபான ஷாபிஈ மத்ஹபில் வாயில் இன்னும் குறுகலானது. மொழிந்த கணத்திலேயே வக்பு மாறாததாகிவிடும். ஒப்படைப்பும் தேவையில்லை, காழியின் தீர்ப்பும் தேவையில்லை. விரும்பும்போது மீளப் பெறுவேன் என்றோ, விரும்பியவரைச் சேர்ப்பேன், விரும்பியவரை நீக்குவேன் என்றோ நிபந்தனையிட்டால் வக்பே செல்லாது என்பது வலுவான கருத்து. தமக்குத் தாமே பயன் ஒதுக்கிக்கொள்வதும் ஏற்கப்படுவதில்லை. அபூ யூஸுபோ அதனை அனுமதித்தார். நிர்வாகத்தில் மட்டும் நெகிழ்வு உண்டு. பரிபாலனத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர், தாம் நியமித்த ஒருவரை நீக்கி வேறொருவரை நியமிக்கலாம். உறுதியின்போதே ஒருவரின் பரிபாலனத்தை நிபந்தனையாக எழுதிவிட்டால் பின்னர் அவரை நீக்க இயலாது என்கிறார் இமாம் நவவி (ரஹ்).

ஆக, ஒரே வாசகம் கொண்ட ஓர் உறுதி காயல்பட்டினத்து ஷாபிஈ ஒருவர் எழுதினால் செல்லாததாகவும், ஆற்காட்டு ஹனபி ஒருவர் எழுதினால் செல்லுபடியானதாகவும் இருக்கக்கூடும். பிரித்தானியரின் சட்டமே இதனை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அவர்கள் விளைத்த தீங்கையும் சொல்ல வேண்டும். 1868இல் வங்காளத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் தம் சந்ததிக்கும், சந்ததி அற்றால் ஏழைகளுக்கும் என எழுதிய வக்பு உறுதி ஒன்று, ‘அபுல் பதா’ வழக்காக இலண்டன் பிரிவி கவுன்ஸிலை எட்டியது. 1894இல் ஹொப்ஹவுஸ் பிரபு, ஏழைகளுக்கான பங்கு எட்டாத் தொலைவில் உள்ள வெறும் மாயை எனக் கூறி வக்பைச் செல்லாததாக்கினார். குடும்பத்துக்குக் கொடுப்பதும் ஸதகாவே என்னும் இஸ்லாமியக் கருத்து அந்த மன்றுக்கு விளங்கவில்லை. உமர் (ரழி) அவர்களின் வக்பிலேயே உறவினர் இடம்பெற்றிருந்தனர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அதற்கு முன்பே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அமீர் அலி, பெரும்பான்மைத் தீர்ப்புக்கு மாறாக இதனை விரிவாக எடுத்துரைத்திருந்தார்.

இத்தீர்ப்பால் ஒரு தலைமுறையின் உறுதிகள் ஆட்டங்கண்டன. கடன்காரர்களும் மனக்குறையுள்ள வாரிசுகளும் வழக்குத் தொடுக்கலாயினர். ஷிப்லி நுஃமானி இதற்கெதிராக ஆதரவு திரட்டினார். முஹம்மத் அலி ஜின்னா 1911இல் கொண்டுவந்த மசோதா 1913இல் வக்பை வலுவுறுத்தும் சட்டமாக நிறைவேறியது. வக்பு செய்பவர் தம் சொந்தப் பராமரிப்புக்கும் கடனடைப்புக்கும் வருமானத்தை ஒதுக்கிக்கொள்ளும் உரிமையை, ஹனபியாக இருந்தால் மட்டும் எனக் குறித்துச் சொன்னது அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு. ஆனால் 1913க்கு முந்திய உறுதிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 1922இல் பிரிவி கவுன்ஸில் தீர்ப்பளிக்க, அதனைச் சரிசெய்ய 1930இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. எட்டு ஆண்டுகள், ஓர் உறுதி செல்லுமா என்பது அதன் வாசகத்தில் அன்றி அதன் திகதியில் தங்கியிருந்தது! கிழக்காபிரிக்காவில் இத்தகைய பாதுகாப்பு இல்லாததால், 1950களின் தொடக்கத்தில் கென்யாவிலிருந்து சென்ற வழக்கொன்றில் அதே பிரிவி கவுன்ஸில் பழைய தீர்ப்பையே மீண்டும் உரைத்தது.

இலங்கையில் கதை வேறு திசையில் சென்றது. இங்கு குடும்பச் சொத்தைக் கட்டிவைக்க விரும்பிய முஸ்லிம்கள் பலர், உரோமன் டச்சுச் சட்டத்தின் ‘பிடெய்க்கொமிசம்’ என்னும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினர். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. அவ்வகை ஏற்பாடு கலவாத நன்கொடைகளுக்கும், முஸ்லிம் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளுக்கும் வக்புகளுக்கும் அவரவர் மத்ஹபின் சட்டம் பொருந்தும். பிடெய்க்கொமிசம் கலந்த நன்கொடைகள் அதற்கு வெளியே நின்றன. அந்தப் பிடெய்க்கொமிசத்தை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. எனவே பழைய இலங்கை உறுதியொன்றைக் கையிலெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது எது செல்லும் என்பதன்று. இது என்ன வகை உறுதி என்பதே.

பதிவைப் பொறுத்தும் இரு நாடுகளுக்கிடையே வேறுபாடுண்டு. இந்தியாவில் பதியப்பட்ட ஆவணம், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, பதிந்த நாளிலிருந்தன்றிக் கையொப்பமிட்ட நாளிலிருந்தே செயற்படும். இலங்கையிலோ 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். பதியப்படாத முந்திய உறுதியைப் பதியப்பட்ட பிந்திய உறுதி வெல்லக்கூடும்; ஆனால் பிந்தியது பெறுமதி கொடுத்துப் பெற்றதாயிருந்தால் மட்டுமே. இலவசமாக எழுதிக்கொடுத்த உறுதிக்கு அந்த வெற்றி இல்லை.

மேற்குலகிலும் இதே கேள்வி வேறு விடையோடு வாழ்கிறது. ஒக்ஸ்போர்டின் மேர்ட்டன் கல்லூரியை நிறுவிய வோல்ட்டர் டி மேர்ட்டன், 1264, 1270, 1274 என மும்முறை அதன் விதிகளை எழுதினார். அக்கல்லூரியின் அமைப்பில் வக்பின் சாயல் உண்டென ஆய்வாளர் மொனிக்கா கௌடியோசி 1988இல் வாதிட்டார். அந்த வாதம் முழுவதையும் நான் ஏற்கவில்லை. சாயல் மட்டும் மறுக்க முடியாதது. இன்றைய அமெரிக்காவில் உயிரோடிருக்கும்போதே எழுதப்படும் நம்பிக்கைப் பொறுப்பு, மாற்றமுடியாதது என வெளிப்படையாக எழுதப்பட்டிராவிட்டால் மாற்றக்கூடியதே என 2000ஆம் ஆண்டின் பொது மாதிரிச் சட்டம் கொள்கிறது. வக்பின் விதிக்கு நேர் எதிரானது இது. எனவே அங்குள்ள வழக்குகள், மாற்றலாமா என்பதை விட்டு, சொன்ன முறைப்படி மாற்றினாரா என்பதிலேயே சுழல்கின்றன. கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம் 2024இலும் அத்தகைய வழக்கொன்றைத் தீர்த்தது. உறுதியில் சொல்லப்பட்ட முறை ஒன்றே வழி என வெளிப்படையாக எழுதப்படாதவரை, சட்டம் தரும் முறையிலும் மாற்றலாம் என்பது அதன் முடிவு.

பெண் மக்களின் பங்கைத் தவிர்க்கக் குடும்ப வக்பு கருவியாக்கப்பட்டதுண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. இந்தியாவின் 2025ஆம் ஆண்டு வக்புத் திருத்தச் சட்டம், குடும்ப வக்பு பெண்கள் உட்பட வாரிசுகளின் உரிமையை மறுப்பதாக அமையலாகாது என்கிறது. உறுதி எழுதாமல் புதிய வக்பு செய்ய முடியாது எனவும் கூறுகிறது. அச்சட்டத்தின் ஏனைய பகுதிகள் பற்றி எழுந்த கடும் கண்டனங்கள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். ஆயினும் இந்த ஒரு குறையை அரசு சுட்டிக்காட்டும் வரை நாம் காத்திருந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

அந்த இளைஞர் மறுபடி வந்தபோது 1938ஆம் ஆண்டின் உறுதியை இருவருமாக வரிவரியாக வாசித்தோம். வக்பு என்ற சொல் தெளிவாக இருந்தது. ஆண், பெண் மக்கள் அனைவரின் பெயர்களும் இருந்தன. மாற்றவோ நீக்கவோ தமக்கு உரிமை வைத்துக்கொண்டதாக ஒரு வரியும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், பரிபாலனம் தாம் உயிரோடுள்ளவரை தம்முடையது என்றும், தாம் நியமிப்பவர் தம் சார்பில் அதனை நடத்துவார் என்றும் எழுதியிருந்தார். பழைய கிதாபுகளின் கண்கொண்டு பார்த்தால், 1949இன் உறுதியில் பாதி செல்லும், பாதி செல்லாது. மூத்த மகனை நீக்கி இளையவரை நியமித்தது அவர் கையில் இருந்த உரிமை. பெண் மக்களை நீக்கியதோ பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கையை விட்டுப் போன ஒன்றைப் பற்றிய எழுத்து.

இது தம் குடும்பத்துக்கு இழப்பு என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் கணக்குப் புத்தகம் ஏதும் பெட்டியில் உண்டா எனத் தேடினார். 1949 வரை தம் பாட்டனாரின் கைப்பட, மகள்மாருக்கு ஆண்டுதோறும் கொடுத்த தொகைகள் குறிக்கப்பட்ட சிறு குறிப்பேடு ஒன்று அடியில் கிடைத்தது. இரு உறுதிகளையும் அந்தக் குறிப்பேட்டையும் சட்டத்தரணியிடம் காட்டுமாறு சொன்னேன். அதற்கு முன் அவற்றை மாமியின் வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கூறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.